விளக்கு ஏற்றாத மூன்று நாட்கள்

எங்கள் பிரிவுக்குப் புது எலும்பு அடர்த்தி இயந்திரம் வந்துவிட்டதாம். அதன் பக்கத்தில் வரிசையாக நின்று எடுத்த படத்தை, என்னோடு வேலை பார்த்த பெண்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். பழைய இயந்திரம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது கடைசிக் காலத்தில் என் முழங்காலைப் போலவே அசைக்கும்போதெல்லாம் முனகிக்கொண்டிருந்தது. வருத்தம் அடுத்த செய்தியில்தான் வந்தது. இனி நோயாளிகள் கேள்வித்தாளை வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் நிரப்பிவிடலாம், உள்ளே வந்ததும் நேராகப் படுக்க வேண்டியதுதான், ஆளுக்குப் பத்து நிமிடம் மிச்சம் என்று எழுதியிருந்தார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ரோஸ்லின். ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். மலாக்காவில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் முப்பது வருஷத்துக்கு மேல் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, இப்போது புலாவ் செபாங்கில் கோழிகளோடும் தேவாலயப் பாடகர் குழுவோடும் பொழுதைக் கழிக்கிறேன். நான் நர்ஸ் இல்லை. ஆனால் மருத்துவமனையில் சீருடை போட்ட பெண்கள் எல்லாரும் நம் ஜனங்களுக்கு மிஸ்ஸிதான். அதைத் திருத்திச் சொல்லிச் சொல்லி ஐந்தாம் வருஷத்தில் விட்டுவிட்டேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோலாலம்பூரில் மூன்று வருஷம், இருட்டறை, கையெல்லாம் பிலிம் கழுவும் மருந்தின் வாடை. அவ்வளவுதான்.

எலும்பு அடர்த்தி அறைக்கு என்னை மாற்றியபோது அதை ஒரு தண்டனையாகவே நினைத்தேன். ஓடி ஆடி வேலை செய்தவளை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் புலம்பினேன். பிறகு அந்த வேலையின் நுணுக்கம் பிடிபட்டது. காலையில் முதல் வேலை, முதுகெலும்பு போலச் செய்த ஒரு கட்டியைப் படுக்கையில் வைத்துப் படம் எடுப்பது. அதன் அடர்த்தி என்றைக்கும் மாறாது. எண் மாறினால் கோளாறு இயந்திரத்தில். அதற்குப் பிறகுதான் ஆட்கள். உயரம் அளந்து, எடை பார்த்து, மல்லாக்கப் படுக்க வைத்து, முதுகு படுக்கையோடு ஒட்டும்படி கால்களை ஒரு பெரிய பஞ்சுக் கட்டையின் மேல் தூக்கி வைப்பேன். இடுப்புப் படத்துக்குப் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பிப் பட்டையால் கட்டுவேன். திருப்பம் கொஞ்சம் குறைந்தாலும் எண் பொய் சொல்லும்.

உலோகம் எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. நம் பெண்களிடம் இதுதான் பெரிய பாடு. இடுப்பில் வெள்ளி அரைஞாண், அதில் ஒரு தாயத்து, தாலிக்கொடியில் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நாலைந்து ஊக்கு. நான் தாலியைக் கழற்றச் சொன்னதே இல்லை. ஊக்குகளை மட்டும் வாங்கி ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, தாலியைக் கழுத்தோரம் ஒதுக்கி பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுவேன். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் படங்கள் சுத்தமானவை என்று மருத்துவமனையிலேயே பேர் இருந்தது. அந்தத் தலைக்கனம் எனக்கு நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மேலதிகாரி டாக்டர் நோர். சின்ன உருவம். பாஜு குரோங் என்கிற நீள உடைக்குக் கீழே ஓடுகிற சப்பாத்து போட்டிருப்பார், பென்சிலைத் துடோங் தலைத்துணியின் மடிப்பில் செருகியிருப்பார். தமிழில் 'வலி இருக்கா', 'பயப்படாதீங்க' இரண்டு மட்டும் தெரியும், இரண்டையும் சரியான இடத்தில் சொல்லுவார். எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான். அவர் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயது இளையவர் என்பதால் 'கக் ரோஸ்' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவார். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே என்னைத் திட்டக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

மாதவிடாய் நின்றுவிட்ட பெண்களுக்கு அவர் சீக்கிரம் முடிவு சொல்லிவிடுவார். இன்னும் நிற்காத பெண் ஒருத்தி வந்தால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். இயந்திரம் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு வண்ணப் படம் அச்சடித்துத் தரும். இளம் பெண்களுக்கு அந்தத் தாளைக் கையில் கொடுக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. "அவ வயசுப் பெண்களோட மட்டும் அவள ஒப்பிட்டுப் பாருங்க கக். எண் குறைவா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நோய்ப் பேரை நான் வைக்கிறேன், வைக்கணும்னா," என்பார்.

பெரும்பாலும் வைக்க மாட்டார். ஒல்லியாக, எலும்பே சிறிதாக இருந்த ஒரு பள்ளி ஆசிரியை அழுதுகொண்டே வந்தாள். அவளை ஒரு மணி நேரம் கேட்டுத் துருவிவிட்டு, "உனக்கு ஒன்றுமில்லை, உன் உடம்பு வாகு அப்படி, ரெண்டு வருஷம் கழிச்சு வா," என்று அனுப்பிவிட்டார். ரெண்டு வருஷம் கழித்து எடுத்தபோது எண் அப்படியே இருந்தது. இன்னொருத்தி ரெம்பியா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்காரி. வீட்டில் விழுங்குவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். முதுகு வலிக்கு பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பேர் தெரியாத மாத்திரை பைக்குள்ளிருந்து வந்தது. அதற்குள் ஸ்டீராய்டு கலந்திருந்தது. எலும்பைத் தின்றது அதுதான். "தொட்டியில தண்ணி குறைஞ்சா ஊத்திக்கிட்டே இருக்காதீங்க, எங்க ஒழுகுதுன்னு முதல்ல பாருங்க," என்பது டாக்டர் நோரின் பேச்சு. அதை அலுக்காமல் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வார்.

சாப்பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். பால் குடிக்கிறேன் என்று சொல்லும் பெண்ணிடம் எந்தப் பால் என்று கேட்பார். பாதிப் பேர் தேநீரில் ஊற்றுகிற டின் பாலைச் சொல்வார்கள். ஈக்கான் பிலிஸ் நெத்திலியை ஏன் தலையைக் கிள்ளி, நடுமுள்ளை எடுத்துப் போட்டுச் சமைக்கிறீர்கள், முள்ளோடு சாப்பிடுங்கள் என்பார். நம் ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் அந்தத் தலையைக் கிள்ளிப் போட்டு வளர்ந்தவள்தான்.

இனி மேகலாவைப் பற்றி. பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை வந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் நின்றபடி செய்கிற வேலை. விழவில்லை, அடிபடவில்லை, பாதத்தில் ஓர் எலும்பு மட்டும் மயிரிழையாகக் கீறியிருந்தது. அதற்காகப் படம் எடுக்க அனுப்பியிருந்தார்கள். கூடவே மாமியார் பார்வதியம்மா வந்திருந்தார். வாட்டசாட்டமான அம்மாள். மருமகளின் அடையாள அட்டை, சந்திப்பு அட்டை, எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு எல்லாம் அவர் கைப்பையில்தான். அன்றைக்குக் கூட்டம் அதிகம். நான் அறை வாசலில் நின்றபடியே கேள்வித்தாளைப் படித்தேன்.

"மாசா மாசம் சரியா வருதா?"

மேகலா வாயைத் திறப்பதற்குள் மாமியார் சொன்னார். "அதெல்லாம் கரெக்டா வருது மிஸ்ஸி. மாசத்துல மூணு நாளு சாமி ரூம்பு பக்கம் போவ மாட்டா. நாந்தான் வெளக்கு ஏத்துவேன். எனக்குத் தெரியாதா?"

எனக்கும் அது போதுமான சாட்சியாகவே பட்டது. தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் இந்து வீடுகள். எந்த அக்கா எந்த வாரம் விளக்கு ஏற்றவில்லை என்பது சின்ன வயதில் எனக்கும் தெரியும். அதைவிடத் துல்லியமான கணக்கு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? 'ஒழுங்காக' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். மேகலா உடை மாற்றத் தயங்கினாள். உள்ளே கொக்கி இல்லாத பனியன் மாதிரி ஏதோ போட்டிருக்கிறேன், உலோகம் இல்லை என்றாள். சரி, அப்படியே படு என்று படத்தை எடுத்து அனுப்பினேன். படம் சுத்தமாக இருந்தது.

அப்போது டாக்டர் நோர் ஒரு பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். மாற்றாக வந்திருந்த டாக்டர் என் தாளைப் பார்த்தார். மாதவிடாய் ஒழுங்கு என்று எழுதியிருக்கிறது, பெண் பார்க்க ஆரோக்கியமாக இருக்கிறாள். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, வைட்டமின் டி, வெயில், நடை என்று எழுதிக் கொடுத்து, ஒரு வருஷத்தில் மறுபடி படம் எடுக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் எழுதியதை நம்பினார்.

ஒரு வருஷம் கழித்து மேகலா இடது மணிக்கட்டில் கட்டோடு வந்தாள். குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றினாளாம். சொன்னதையெல்லாம் செய்திருந்தாள். காலையில் நடந்திருக்கிறாள், ஒரு மாத்திரை விட்டதில்லை. ஆனாலும் முதுகெலும்பின் எண் போன வருஷத்தைவிட இறங்கியிருந்தது. பார்வதியம்மா கைப்பையிலிருந்து ஒரு தனியார் கிளினிக்கின் கடிதத்தை எடுத்து டாக்டர் நோர் முன்னால் வைத்தார்.

"வருஷத்துக்கு ஒரு தடவ டிரிப்ஸ் போட்டா எலும்பு கட்டியாயிருமாம் டாக்டர். அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க. எங்களுக்குப் பேரப்புள்ள வேற பாக்கணும்லா."

நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் நோர் பென்சிலை உருவி மேசைமேல் வைத்தார். அந்த மருந்து எலும்புக்குள்ளேயே பல வருஷம் தங்கும், பிள்ளை பெற நினைக்கிற பெண்ணுக்குக் காரணம் தெரியாமல் அதைப் போடவே கூடாது என்று முன்பே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது மேகலாவைப் பார்த்து மலாயில் ஒரு கேள்வி கேட்டார். மாமியார் பதில் சொன்னார். இன்னொன்று கேட்டார். அதற்கும் மாமியாரே சொன்னார். டாக்டர் நோர் என் பழைய கேள்வித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னை வெளியே வரச் சொன்னார்.

"கக் ரோஸ், 'ஒழுங்காக'ன்னு இதுல போட்டிருக்கே, யார் சொன்னது?"

"அவங்க மாமியார் டாக்டர்."

"அப்போ நீங்க படம் எடுத்தது மாமியாரோட எலும்பையா?"

குரலை உயர்த்தவில்லை. சிரிக்கவும் இல்லை. இத்தனை வருஷ வேலையில் பாதத்தின் கோணத்தைக்கூடத் தவற விடாதவள், வாசலில் நின்று ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி இன்னொரு பெண்ணிடம் கேட்டிருக்கிறேன். என்னால் முகத்தைத் தூக்க முடியவில்லை. பிறகு டாக்டர் நோரே தோளைத் தொட்டு, "அந்த அம்மா வர முடியாத ஒரே இடம் உங்க அறைதான். கதவைச் சாத்துங்க. அவசரப்படாதீங்க," என்றார்.

பார்வதியம்மாவிடம் படத்தை மறுபடி எடுக்க வேண்டும், உள்ளே கதிர் இருக்கிறது, யாரும் வரக் கூடாது என்று சொன்னேன். அந்த இயந்திரத்தின் கதிர் எவ்வளவு சொற்பம் என்று எனக்குத் தெரியும். ஒரு மேசை தள்ளி நானே கவசம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் சொன்னேன். கர்த்தர் அந்தப் பொய்யை மன்னித்திருப்பார்.

மேகலாவிடம் கவுனைக் கொடுத்து, இந்தத் தடவை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றேன். அவள் கவுனை மடியில் வைத்துக்கொண்டு படுக்கையின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் என் நாற்காலியைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் போட்டேன். டாக்டர் நோர் செய்வது மாதிரி.

"போன தடவ நா வாசல்ல நின்னு கேட்டது என் தப்பும்மா. இப்ப யாரும் இல்ல. கடைசியா எப்ப வந்துச்சு?"

அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒன்றர வருஷத்துக்கு மேல ஆச்சு ஆண்ட்டி," என்றாள்.

"அப்புறம் அந்த மூணு நாளு?"

"நானே கேலண்டர்ல பென்சில்ல புள்ளி வச்சுக்குவேன். அந்த மூணு நாளும் சாமி ரூம்புக்குப் போவ மாட்டேன். பேடுகூட வாங்கிட்டு வந்து வப்பேன். அத்தைக்குத் தெரியணும்லா."

ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னது இது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஒரு தடவை பதினைந்து நாள் தள்ளிப் போயிருக்கிறது. பார்வதியம்மா கேசரி கிண்டி, தாமான் குடியிருப்பு முழுக்க வீடு வீடாகக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் பரிசோதித்தால் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம், எதிர்வீட்டிலிருந்து முனைக்கடை வரை எல்லாரும் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள். கணவன் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இனி நாள் தள்ளினால் யாருக்கும் தெரியக் கூடாது என்று முடிவு செய்தாள். அடுத்த தடவை தள்ளியபோது நடித்தாள். அது அப்படியே வராமல் நின்றுபோனது.

"வேற ஏதாச்சும் இருக்காம்மா?"

அவள் சட்டைப் பொத்தானைக் கழற்றி, உள்ளேயிருந்து நாலாக மடித்த ஒரு கைக்குட்டையை எடுத்தாள். ஈரமாக இருந்தது.

"புள்ள பெக்காதவளுக்குப் பால் வருது ஆண்ட்டி. இத யாருகிட்ட போய்ச் சொல்றது?"

எத்தனையோ உடைந்த எலும்புகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நாலு மடிப்புக் கைக்குட்டை என்னை அடித்த அடி ஓர் எலும்பும் அடித்ததில்லை. ஒவ்வொரு மாதமும் மூன்று நாள் பொய், மாதம் முழுவதும் இந்தத் துணி, அதோடு பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். போன வருஷம் நான் கவுனை மாற்றச் சொல்லி ஒரு நிமிடம் பிடிவாதமாக இருந்திருந்தால் அன்றைக்கே இது வெளியே வந்திருக்கும். அவள் மணிக்கட்டு உடைந்திருக்காது. நான் அழுதேன். அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் நோருக்கு அந்த இரண்டு செய்தியும் போதுமானதாக இருந்தது. அன்றைக்கே ரத்தம் எடுத்தார். பிறகு தலையை ஸ்கேன் செய்யச் சொன்னார். மூளைக்கு அடியில் இருக்கிற ஒரு சின்னச் சுரப்பியில் பட்டாணியைவிடச் சிறிய ஒரு கட்டி. புற்று இல்லை. அது பால் சுரக்க வைக்கும் ஹார்மோனை அளவுக்கு மீறி ஊற்றிக்கொண்டிருந்தது. அதனால் மாதவிடாய் நின்றது. அதனால் எலும்பைக் காப்பாற்றும் ஹார்மோன் வற்றியது. எலும்புக்கு மருந்தே தேவைப்படவில்லை, கட்டிக்குத்தான் தேவைப்பட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு சின்ன மாத்திரை.

முடிவு சொல்லும் நாளில், வீட்டாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று டாக்டர் நோர் முதலில் மேகலாவிடம் தனியாகக் கேட்டார். நான் அந்த மனுஷியை மதிக்கிற காரணங்களில் இதுவும் ஒன்று. எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், எனக்கு நடித்து அலுத்துவிட்டது என்றாள் மேகலா. கணவனையும் மாமியாரையும் உட்கார வைத்து, சுரப்பியைச் சின்னதாக வரைந்து காட்டிச் சொன்னார். நான் ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன்.

பார்வதியம்மா அந்தப் பென்சில் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்புறம் மருமகள் பக்கம் திரும்பினார்.

"நா கேசரி கிண்டிக் குடுத்தேனே, அதுக்கா?"

மேகலா தலையைக் குனிந்துகொண்டாள். பார்வதியம்மா கைப்பையைத் திறந்தார். தனியார் கிளினிக்கின் கடிதத்தை எடுத்து டாக்டரிடம் நீட்டி, இது வேண்டாம் என்றார். பிறகு மேகலாவின் அடையாள அட்டை, சந்திப்பு அட்டை, எம்சி சீட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மேகலாவின் மடியில் வைத்தார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்த அம்மாளைப் பற்றி மனசுக்குள் நான் சொல்லியிருந்த வார்த்தைகளையெல்லாம் அன்றைக்கு விழுங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு வழக்கம் வந்தது. கேள்வித்தாள் உள்ளே, கதவைச் சாத்திய பிறகு, அந்தப் பெண்ணிடம் மட்டும். அதற்குத்தான் அந்தப் பத்து நிமிடம். கைப்பேசியில் பொத்தானை அழுத்துவது மேகலாவாக இருந்தாலும், பக்கத்தில் பார்வதியம்மாவும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். புது இயந்திரம் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் அதற்கு இது தெரியாது.

மேகலாவின் அடுத்த படத்தை நான் எடுக்கவில்லை. அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன். எண் ஏறியிருக்கிறது, அவள் வயதுப் பெண்களின் வரிசைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டாள் என்று பிரிவிலிருந்து சொன்னார்கள். பிள்ளை பிறந்ததா என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். நான் அவளிடம் கேட்டதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது அந்தப் படத்துக்கு முன்னால் நடந்தது. மாத்திரை தொடங்கிச் சில மாதம் ஆகியிருந்தது. என் வேலையில் இன்னும் எட்டு நாள்தான் பாக்கி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மேகலா. எடுத்ததும் மூச்சு மட்டும் கேட்டது. மறுபடி எங்கேயாவது விழுந்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"என்னம்மா, எங்க இருக்கிற?"

"வீட்லதான் ஆண்ட்டி. ஹால்ல ஒக்காந்திருக்கேன்."

"என்னாச்சு?"

"ஒன்னுமில்ல. இன்னைக்கு அத்தைதான் வெளக்கு ஏத்துறாங்க," என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "இந்தத் தடவ நெசமாவே ஆண்ட்டி."

அவளுக்குப் பின்னால், சாமி அறையில் பார்வதியம்மா மணி அடிக்கிற சத்தம் கேட்டது.